அணிலுக்கு ஏன் மூன்று கோடு? காரணத்தைத் தாளில் ஒளித்து வைத்துப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி

மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு வந்த பிறகும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், இரண்டு வரி போனதும் புத்தகத்தை மூடிவிடுகிறாள் என்று கவலைப்படும் பெற்றோருக்காகவும், மாலையில் ஊர்ப் பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தரும் அக்கா, அண்ணன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள்தான் என் மனதில் இருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கதையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இயற்கையில் ஒன்று ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லும் பழங்கதைகள் நம்மிடம் ஏராளம். அணில் முதுகில் கோடு எப்படி வந்தது, பாம்பின் நாக்கு ஏன் பிளந்திருக்கிறது, நிலா ஏன் தேய்கிறது, காக்கா ஏன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. இப்படி ஒரு கதையை எடுத்து வாயால் சொல்லுங்கள், நன்றாக நடித்தே சொல்லுங்கள், ஆனால் அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பதில் தாளில் இருக்கிறது. தெரிய வேண்டுமென்றால் வாசித்தாக வேண்டும். முறை இவ்வளவுதான், ஆனால் எந்தக் கதை, தாளில் எப்படி எழுதுவது, எந்த இடத்தில் வாயை மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாதாரணக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் நடக்காதா என்று கேட்கலாம். சில பிள்ளைகளுக்கு நடக்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் புதுக் கதை என்பது இரட்டைச் சுமை, எழுத்தையும் கூட்ட வேண்டும், கதையில் யார் யார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பாதியைச் சொல்லிவிட்டால் ஆட்கள், இடம், சண்டை எல்லாம் காது வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணுக்கு மிஞ்சுவது நாலைந்து வரி. அதோடு, இந்தக் கதைகளின் முடிவைப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறது, புளியமரத்தில் அணில் ஓடுகிறது, முதுகில் கோடு தெரிகிறது. கதை எங்கே போய் முடியும் என்று தெரியும், எப்படி அங்கே போய்ச் சேரும் என்றுதான் தெரியாது. அந்தத் தெரியாத துண்டைத் தேடித்தான் கண் வரிகளில் ஓடும்.

எந்தக் கதை யாருக்கு

இப்போதுதான் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதை கொடுங்கள். 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்' என்று கத்தினால் கத்தட்டும், தெரிந்த கதையில் அடுத்த சொல்லை ஊகிக்க முடியும், ஊகித்ததை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் வாசிப்புதான். அணில் கதை இதற்குச் சரியான கதை. தெரிந்த கதையில் எதை ஒளிப்பது என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ராமர் தடவினார் என்பது தெரியும், அணில் அப்படி என்ன வேலை செய்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அதை ஒளியுங்கள்.

கொஞ்சம் ஓட்டமாக வாசிக்கிறவர்களுக்குப் பாம்பின் நாக்கு. கருடன் அமுதக் கலசத்தைத் தர்ப்பைப் புல்லின் மேல் வைக்கிறான், பாம்புகள் குளிக்கப் போன நேரத்தில் இந்திரன் வந்து எடுத்துப்போய்விடுகிறான், திரும்பி வந்த பாம்புகள் புல்லில் ஒட்டியிருக்குமோ என்று நக்க, கூரான புல் நாக்கைக் கிழித்துவிடுகிறது. கலசம் காணாமல் போன இடத்தில் நிறுத்திவிட்டுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

நிலா தேய்வதற்கு ஒன்றுக்கு இரண்டு கதை இருக்கிறது. தட்சனின் இருபத்தேழு பெண்களையும் கட்டிக்கொண்டு ரோகிணியிடம் மட்டும் சந்திரன் பிரியமாக இருந்தான், மாமனார் சபித்தார் என்பது ஒன்று. பிள்ளையாரின் தொப்பையைப் பார்த்துச் சிரித்து மாட்டிக்கொண்டான் என்பது இன்னொன்று. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பெரியவர்களுக்கு இரண்டையும் கொடுத்து எந்தக் கதையில் சந்திரனின் தப்பு பெரியது என்று கேட்டால் வாக்குவாதம் சூடு பிடிக்கும், ஒவ்வொருவரும் தன் கட்சிக்கு ஆதாரம் தேடி மறுபடி தாளைப் புரட்டுவார்கள். யாரும் சொல்லாமலே இரண்டாம் முறை வாசித்தாயிற்று.

கிரகணத்துக்கு ராகு, கேது. காக்காவுக்குக் காகாசுரன்மேல் ராமர் ஏவி ஒரு கண்ணைப் பறித்த புல். காவிரிக்கு அகத்தியர் கமண்டலத்தைக் காக்காவாக வந்து கவிழ்த்த பிள்ளையார், இதை ஒகேனக்கல் அருவியைப் பார்த்த பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் அவ்வளவு தண்ணீர் ஒரு கமண்டலத்திலா என்று கேட்காத ஆள் இருக்காது.

சாமி கதைகளாகவே போகிறதே என்று தோன்றினால் அந்தத் தயக்கம் நியாயமானது. கிருஷ்ணகிரியில் ஒரு வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். எந்தக் கதையையும் 'இப்படித்தான் நடந்தது' என்று தொடங்காமல் 'அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதை சொல்வார்களாம்' என்று தொடங்குங்கள், சாமி வராத கதைகளையும் சரிபாதி வையுங்கள். நிலாவில் வடை சுடும் பாட்டி இருக்கிறாள். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம், அதற்குக் கீழே வருகிறேன். தள்ளவேண்டிய கதைகளும் உண்டு. கறுப்பு நிறம் சாபத்தால் வந்தது, பெண்களுக்கு ரகசியம் தங்காதது சாபத்தால் வந்தது என்கிற வகைக் கதைகளை நான் எடுப்பதே இல்லை. வகுப்பில் கறுப்பான பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கதை யாருக்கு வேண்டும்?

தாளை எப்படி எழுதுவது

புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் இது நடக்காது. நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டும். ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் எழுதும் அணில் தாள் இப்படி இருக்கும்:

ஓர் அணில் இருந்தது.
அதன் முதுகில் கோடு இல்லை.
ஒரு கோடு கூட இல்லை.
கடலில் பாலம் கட்டினார்கள்.
குரங்குகள் பாறைகளைத் தூக்கின.
அணிலால் பாறையைத் தூக்க முடியுமா?
(இங்கே மடிப்பு)
அணில் தண்ணீரில் முங்கியது.
ஈர உடம்போடு மணலில் புரண்டது.
பாலத்துக்கு ஓடியது.
உடம்பை உதறியது.
மணல் உதிர்ந்தது.
மறுபடி ஓடியது. மறுபடி புரண்டது.
ராமர் அணிலைக் கையில் எடுத்தார்.
மூன்று விரலால் தடவினார்.
அதனால்தான் அணிலுக்கு மூன்று கோடு.

மடிப்புக்குக் கீழே இருப்பதைப் பின்பக்கமாக மடித்துத்தான் கொடுக்க வேண்டும். மேல் பாதியை வாசித்து முடித்த பிறகுதான் பிரிக்கலாம் என்பது சட்டம். மடித்த தாளைப் பிரிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

'கோடு' என்ற சொல் மூன்று முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளை முதலில் இடறும் இடம் கொம்பு வரும் எழுத்துகள்தான். கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, கண் இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கொம்பைப் பார்த்துத் திகைக்கும். கோ-வில் இன்னும் மோசம், எழுத்தின் இரண்டு பக்கமும் குறி, அதனால் 'கேகா' என்று வாசிக்கிற பிள்ளைகள் நிறைய. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பித்த பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் இருக்கும். ஒரு தாளுக்கு இப்படி ஒரே ஒரு சிக்கலை எடுத்து, அதே சொல்லை மூன்று நாலு இடத்தில் போட்டுவிடுங்கள். முதல் 'கோடு'வில் நீங்கள் உதவுங்கள், கடைசி 'கோடு'வை அவளே சொல்லிவிடுவாள்.

அப்புறம் நீளச் சொற்கள். 'தூக்கிக்கொண்டிருந்தன' என்று எழுதினால் பாதியில் மூச்சு முட்டும். முதல் தாள்களில் 'தூக்கின' என்றே எழுதுங்கள். பழகியபின் நீளச் சொல்லைப் போட்டு, பென்சிலால் தூக்கி/கொண்டு/இருந்தன என்று கோடு கிழித்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் ஒற்றும், வேறு சொற்களில் நடுவே வரும் ய், வ் என்ற உடம்படுமெய்யும் அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிடும், இலக்கணப் பெயரெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இருக்கும் தூரமும் பெரிய சிக்கல். நீங்கள் சொல்லும்போது 'அணிலு மணல்ல பொரண்டுச்சு' என்றுதான் சொல்வீர்கள், அப்படித்தான் சொல்லவும் வேண்டும். தாளில் 'புரண்டது' என்று இருக்கும். முதலிரண்டு தாள்களில் பிள்ளை 'புரண்டது' என்பதைப் பார்த்து 'பொரண்டுச்சு' என்று வாசித்தால் திருத்த அவசரப்படாதீர்கள், பொருளைப் பிடித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். 'சரி, தாளில் எப்படி எழுதியிருக்கு பார்' என்று விரலை வைத்துக் காட்டினால் போதும்.

உட்காரவைத்து வாசிக்க வைப்பது

அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கதை சொல்ல ஐந்து நிமிடம். 'ஏன்' வந்ததும் நிறுத்திவிட்டு, என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், அணிலுக்குப் பெயின்ட் கொட்டிவிட்டது, பூனை பிராண்டிவிட்டது என்று. ஒன்று விடாமல் கரும்பலகையில் எழுதுங்கள், சொன்ன பிள்ளையின் பெயரோடு. தன் பெயரும் தான் சொன்னதும் பலகையில் ஏறினால் எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளைகூட அந்த வரியை அடையாளம் கண்டுகொள்ளும்.

பிறகு தாள். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, விரல் வைத்து, முணுமுணுத்துக்கொண்டே வாசிக்கட்டும். இரண்டாவது முறை இரண்டிரண்டு பேராக, ஓட்டமாக வாசிக்கும் பிள்ளையோடு தடுமாறும் பிள்ளையைச் சேர்த்து, ஆளுக்கொரு வரி. எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தித் தனியாகச் சத்தமாக வாசிக்கச் சொல்வதை நான் அடியோடு எதிர்க்கிறேன், தடுமாறும் பிள்ளைக்கு அது தண்டனைதான். எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிப்பது வேறு, அதில் யார் திக்கினாலும் தெரியாது.

வாசித்து முடித்ததும் கேள்வி. விடையை வாயால் வாங்காதீர்கள். 'அணில் எப்படி மணலைக் கொண்டுபோனது? விடை இருக்கும் வரியில் விரலை வை' என்று சொல்லுங்கள். வாயால் கேட்டால் முதல் பெஞ்சுப் பிள்ளை கத்திவிடும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். விரல் என்றால் எல்லாரும் தேடியாக வேண்டும், சுற்றி வந்து பார்த்தால் யார் வாசித்திருக்கிறார்கள், யார் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் அதே கதையைக் கீற்றுகளாக வெட்டிக் கலைத்துப் போடுங்கள். தரையில் வரிசையாக அடுக்க வேண்டும். இந்த வகைக் கதைகளில் அடுக்குவதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஒன்று நடந்ததால்தான் அடுத்தது நடந்தது, அதனால் இடம் மாறினால் அபத்தம் உடனே தெரியும். 'மணல் உதிர்ந்தது' என்பதை 'மணலில் புரண்டது' என்பதற்கு முன்னால் வைத்தால் பக்கத்தில் இருப்பவனே சிரிப்பான். இங்கேதான் அதனால், ஏனென்றால், ஆனால், அதற்குள், பிறகுதான் போன்ற சொற்களைத் தனிச் சீட்டுகளாக எழுதி வாக்கியங்களுக்கு நடுவே வைக்கச் சொல்ல வேண்டும். 'அணிலால் பாறையைத் தூக்க முடியவில்லை', 'மணலில் புரண்டது' இரண்டுக்கும் நடுவே 'அதனால்' வருமா, 'ஏனென்றால்' வருமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள். பாடப்புத்தகத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்னச் சொற்களைத் தாண்டிக் குதித்துப் போவதுதான் என்பது என் கட்சி.

பெரிய பிள்ளைகளுக்குத் தீர்த்தமலை

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் போனால் நம் ஊரிலேயே ஒரு கதை தயாராக இருக்கிறது. அரூர் பக்கத்தில் தீர்த்தமலை, மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் கொட்டுகிறது. அங்கிருந்து தள்ளி, தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தம். பல பிள்ளைகள் இரண்டு இடத்துக்கும் போயிருப்பார்கள், ஆடிப் பதினெட்டுக்கு அனுமன் தீர்த்தத்தில் குளித்திருப்பார்கள். தாள் இது:

'ராமர் தீர்த்தமலையில் சிவனைப் பூசை செய்ய நினைத்தார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். நேரம் ஓடியது. அனுமன் வரவில்லை. பூசை நேரம் நெருங்கிவிட்டது. ராமர் வில்லை எடுத்து மலையை நோக்கி அம்பு விட்டார். பாறை பிளந்து தண்ணீர் கொட்டியது. அந்த நீரைக் கொண்டு பூசையை முடித்தார். பிறகுதான் அனுமன் கங்கை நீரோடு வந்து சேர்ந்தான். நடந்ததைப் பார்த்தான். தான் கொண்டுவந்த நீரைத் தூக்கி வீசினான். அது தென்பெண்ணை ஆற்றங்கரையில் போய் விழுந்தது.'

இதில் எதையும் மடிக்க வேண்டாம், வேறு விதமாக ஒளித்திருக்கிறேன். அனுமனுக்குக் கோபம், வருத்தம் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. 'அனுமன் ஏன் தண்ணீரை வீசினான்?' என்று கேட்டால் விரல் வைக்க ஒரு வரியும் கிடைக்காது. முதலில் 'தாளில் இல்லையே' என்பார்கள். அவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்தான், வந்து பார்த்தால் பூசை முடிந்துவிட்டது, 'பிறகுதான்' என்ற சொல் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தால் அவர்களே வந்துவிடுவார்கள். எழுதியதை வாசிப்பதிலிருந்து எழுதாததை வாசிப்பதற்குப் போவது பெரிய தாவல், அதற்குப் பழகிய ஊரும் பழகிய கதையும் இருந்தால் கால் கொஞ்சம் ஊன்றும். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பிள்ளை 'கை வலிச்சுதோ என்னவோ' என்று சொன்னால் தப்பு என்று சொல்லாமல், அப்படி நினைக்கத் தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பொங்கல் சமயத்தில் கரும்பை எடுத்துக்கொள்ளலாம். இதுவும் நம் தகடூர்க் கதை, தருமபுரியின் பழைய பெயர்தான் தகடூர். அதியமானின் முன்னோர்கள் கிடைப்பதற்கு அரிய கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் 99-ஆம் பாட்டாக இருக்கிறது. நெல்லிக்கனிக் கதை எல்லாருக்கும் தெரியும், கரும்புக் கதை நம் மாவட்டத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசித்து எழுதச் சொல்லிவிட்டு, இன்று நாம் தின்னும் தடித்த கரும்பு முதன்முதலில் பயிரானது நியூ கினியா தீவில் என்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள். கப்பலா, நடையா, யார் கை மாறிக் கை வந்தது என்று கேள்விகள் கிளம்பும்.

'இது பொய்யா சார்?'

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வர வேண்டும். என் பதில்: 'இது ஒரு கதை. பார்த்ததை வைத்து அந்தக் காலத்து ஆட்கள் யோசித்துச் சொன்னது. உண்மையில் என்ன என்று நாம் பார்க்கலாம், நாளைக்கு.' அந்த 'நாளைக்கு' முக்கியம். கதை முடிந்த கையோடு அறிவியலைத் தூக்கிப் போட்டால் இரண்டும் ருசிக்காது, ஒரு ராத்திரி கதை மனதில் கிடக்கட்டும்.

மறுநாள் நோட்டில் இடப்பக்கம் 'கதை சொல்வது', வலப்பக்கம் 'பார்த்ததும் கண்டுபிடித்ததும்'. வலப்பக்கத்துக்கும் நீங்களே நாலைந்து வரி எழுதிக் கொடுக்க வேண்டும், இந்த வாசிப்பு வேறு மாதிரியானது, ஆளும் சண்டையும் இல்லாத வரிகள். அணிலுக்கு: கோடுகள் வெளிச்சமும் நிழலும் கலந்த கிளையில் உடம்பின் வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க உதவுகின்றன. வட இந்தியாவில் ஐந்து கோட்டு அணிலும் உண்டு. இந்த இரண்டாவது வரியை வாசித்ததும் 'அப்ப அங்க அஞ்சு விரலாலயும் தடவினாரா?' என்று யாராவது கேட்பார்கள், அந்த நாள் வகுப்பு பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கு: பிளந்த நாக்கின் இரண்டு நுனியும் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்புக்குக் கொடுக்கின்றன, எந்தப் பக்கம் வாசனை அதிகம் என்று தெரிந்துவிடும். காக்காவுக்கு: கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஒரு பொருளை உற்றுப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது, இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். ராமர் தீர்த்தத்துக்கு: மலைமேல் பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, மெதுவாக நகர்ந்து, வேறிடத்தில் கசிந்து வெளியே வருகிறது. நிலாவுக்கு ஒரு பந்தும் டார்ச் லைட்டும் போதும், எழுதவே தேவையில்லை.

கிரகணத்தில் மட்டும் கூடுதல் கவனம். ராகு விழுங்கிய கதை வீட்டில் பயமாகவும் இருக்கும், சாப்பிடாதே, வெளியே வராதே என்று. பாட்டியை எதிர்த்துப் பேசச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சந்திர கிரகணம் பூமியின் நிழல், வெறும் கண்ணால் பார்க்கலாம். சூரிய கிரகணத்தை அதற்கென்று செய்த கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள், பிள்ளை பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய, கிருஷ்ணகிரியில் உருது பேசும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நாம் நினைப்பதில் பாதி, சொல்லின் பொருள் தெரியாததுதான். முதலில் கதையை அவர்கள் வீட்டு மொழியிலேயே ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்குப் புரிகிறதே. அப்புறம் தாளில் இருக்கும் ஏழெட்டுச் சொற்களுக்குப் படம் வரைந்து ஒட்டுங்கள், அணில் படத்தைக் காட்டியதும் ஒருத்தி 'உடுத' என்பாள், இன்னொருத்தன் 'அளிலு' என்பான், மூன்றும் பலகையில் ஏறட்டும். இதற்காகச் செலவழியும் பத்து நிமிடம் வாசிக்கும்போது திரும்பி வந்துவிடும்.

சித்தேரி, சித்தேரிக்குக் கீழே சிட்லிங்கி, அந்தப் பக்கம் பெட்டமுகிலாளம் என்று மலைக்கிராமத்துப் பிள்ளைகளிடம் நம் அச்சுக் கதைகளைவிட நல்ல கதைகள் வீட்டிலேயே இருக்கும். அவ்வாவிடம், ஆயாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். இந்த மரம் ஏன் வளைந்திருக்கிறது, இந்தப் பாறை மேல் பாறை எப்படி நிற்கிறது என்று கேட்டாலே யாராவது ஏதாவது சொல்வார்கள். பிள்ளை வந்து சொல்லும்போது சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், 'வந்துச்சாம்' என்றால் 'வந்துச்சாம்'. அதையே அவளிடம் வாசிக்கக் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் தடுமாற்றம் குறையும். அடுத்த நாள் இருவருமாக உட்கார்ந்து அதே வரிகளை 'வந்ததாம்' என்று எழுத்து நடைக்கு மாற்றுங்கள், இந்த மாற்றும் வேலையில் பிள்ளை கற்றுக்கொள்வது அதிகம்.

பிள்ளைகளே எழுதுவது

சில வாரம் போனதும் கதையின் அச்சு அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். முதலில் இப்படி இல்லை, ஏதோ நடந்தது, அதனால்தான் இப்படி ஆனது. இனிமேல் நீங்கள் 'ஏன்' மட்டும் கொடுத்தால் போதும். கிளிமூக்கு மாங்காய்க்கு மூக்கு எப்படி வந்தது? யானைக்கு ராகிக் கொல்லை என்றால் ஏன் உயிர்? புளி ஏன் புளிக்கிறது? கொல்லையில் யானை இறங்கி விளைச்சல் போன வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த இரண்டாவது கேள்வியை அந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்பதை இதற்காகவே வைத்திருங்கள். அதைச் சொல்லாத ஊர் இல்லை, ஆனால் முழுக்கதை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஏன் கல்யாணம், யார் பேசி முடித்தது, அதற்கு ஏன் வெயிலும் மழையும் சேர்ந்து வர வேண்டும், சாப்பாட்டில் நரிக்கு என்ன போட்டார்கள், எல்லாம் காலியாகக் கிடக்கிறது. எட்டு வரிக்குள் எழுத வேண்டும், கடைசி வரி 'அதனால்தான்' என்று தொடங்க வேண்டும், வேறு கட்டுப்பாடு வேண்டாம். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போட வேண்டாம். கதையை இன்னொரு பிள்ளை வாசிக்கட்டும், அவளுக்குப் புரியாத இடத்தில் அவளே போய் எழுதினவனைக் கேட்பாள், அவனே திருத்திக்கொள்வான்.

நல்லதாக வந்ததை எடுத்து மடிப்பு போட்டு அடுத்த வருஷம் கீழ் வகுப்புக்குக் கொடுங்கள், எழுதிய பிள்ளையின் பெயரைத் தாளின் மேலே பெரிதாகப் போட்டு. தாள்களை ஒரு நெகிழி உறையில் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் சுவரில் ஒட்டிய சார்ட்டெல்லாம் ஊறிப்போய்விடும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரே பழைய தாளை வாசிப்பதைப் போனில் பதிவு செய்துகொண்டால் முன்னேற்றம் எவ்வளவு என்று பெற்றோருக்குக் காட்ட வசதி, மதிப்பெண் போடும் வேலையும் மிச்சம்.